ஊர்க் கட்டுப்பாட்டை மேடையேற்றியவர்: லொரெய்ன் ஹான்ஸ்பெரி

ஊர்க் கட்டுப்பாடு என்ற சொல்லுக்கு நம் பக்கத்தில் யாரும் பொருள் கேட்க மாட்டார்கள். 2022 செப்டம்பரில் சங்கரன்கோவில் அருகே பாஞ்சாகுளத்தில் பெட்டிக்கடைக்குத் தின்பண்டம் வாங்கப் போன தலித் குழந்தைகளை, ஊரில் கட்டுப்பாடு போட்டிருப்பதாகச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். அந்தக் காணொலியைத் தமிழகமே பார்த்தது. கைது நடந்தது, கடைக்குச் சீல் வைக்கப்பட்டது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி, குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் ஆறு மாதம் ஊருக்குள் நுழையக் கூடாது என்று நீதிமன்றம் தடையும் விதித்தது. கட்டுப்பாட்டை யார் போட்டார்கள், எத்தனை பேர் அதற்கு ஒப்புக்கொண்டார்கள் என்பதெல்லாம் அந்தக் குழந்தைகளுக்கு எப்படித் தெரியும்? கையை நீட்டினார்கள், கிடைக்கவில்லை. அவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

இதே போன்ற ஒரு கட்டுப்பாட்டுக்கு நடுவே, அமெரிக்காவின் சிக்காகோ நகரில் ஒரு சிறுமி வளர்ந்தாள். அங்கே அது வாய்மொழியாக இல்லை. கையெழுத்துப் போட்டுப் பதிவு செய்த பத்திரமாக இருந்தது. அந்தச் சிறுமி வளர்ந்து, 29 வயது நிறைவதற்குள் அந்தப் பத்திரத்தை நாடகமாக்கி நியூயார்க்கின் பெரிய மேடையில் ஏற்றினார். அவர்தான் லொரெய்ன் ஹான்ஸ்பெரி. அவர் மறைந்து அறுபது ஆண்டுகள் கடந்துவிட்டன. அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர்கள் இன்றும் அவர் நாடகத்தை மேடையேற்றிக்கொண்டே இருக்கிறார்கள். நம் ஊர் மாணவர்களும் அவர் வாழ்க்கையை அறிந்துகொள்ள வேண்டும்.

அடுப்படி அறைகளின் நகரம்

லொரெய்ன் 1930 மே 19 அன்று சிக்காகோவின் தெற்குப் பகுதியில் பிறந்தார். நான்கு பிள்ளைகளில் கடைக்குட்டி. அடிமை முறை ஒழிந்த பிறகும் அமெரிக்கத் தென் மாநிலங்களில் கறுப்பின மக்களுக்கு நிம்மதி கிடைக்கவில்லை. தனிப் பள்ளி, தனி இருக்கை, கும்பல் கொலை என்று கொடுமைகள் தொடர்ந்தன. அதற்குத் தப்பி லட்சக்கணக்கானோர் ரயிலேறி வடக்கு நகரங்களுக்கு வந்தார்கள். நம் கிராமங்களிலிருந்து சென்னைக்கும் திருப்பூருக்கும் போகிறவர்களைப் போல, வேலையோடு கொஞ்சம் மரியாதையும் கிடைக்கும் என்று நம்பி வந்தவர்கள் அவர்கள்.

சிக்காகோவில் வேலை கிடைத்தது. குடியிருக்கத்தான் இடம் கிடைக்கவில்லை. நகரின் தெற்கே ஒரு நீளமான பட்டைக்குள்தான் கறுப்பர்கள் இருக்க வேண்டும் என்ற நிலை. மக்கள் பெருகினார்கள், இடம் பெருகவில்லை, வாடகை மட்டும் ஏறியது. ஒரு குடும்பம் இருந்த வீட்டைத் தடுப்பு வைத்துப் பல அறைகளாக்கி, அறைக்கு ஒரு சின்ன அடுப்பும் பொதுவில் ஒரு கழிப்பறையும் வைத்து வாடகைக்கு விட்டார்கள். ஒவ்வொரு அறையிலும் ஒரு குடும்பமே ஒண்டியிருந்தது.

லொரெய்னின் தந்தை கார்ல் ஹான்ஸ்பெரி வீட்டு மனைத் தொழில் செய்தவர். இப்படிப்பட்ட அடுப்படி அறைகளை வாடகைக்கு விட்டே அவர் பணக்காரரானார். தன் மக்களின் நெருக்கடியில் சம்பாதித்த அவரேதான் பின்னால் அந்த நெருக்கடிக்குக் காரணமான பத்திரத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனார். இந்த முரணை மறைத்துவிட்டு ஹான்ஸ்பெரி குடும்பத்தின் கதையைச் சொல்ல முடியாது.

வீட்டில் வசதி இருந்தது. கறுப்பின அறிஞர் டபிள்யூ.ஈ.பி. டுபாய்ஸ், பாடகர் பால் ராப்சன், கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் போன்றவர்கள் வந்துபோகும் வீடு அது. பெரியப்பா வில்லியம் லியோ ஹான்ஸ்பெரி ஆப்பிரிக்க வரலாற்றைக் கற்பித்த பேராசிரியர். ஆனால் லொரெய்னுக்கு ஐந்து வயதில் கிடைத்த பாடம் வேறு. நாடே பஞ்சத்தில் கிடந்த நேரம், கிறிஸ்துமஸ் பரிசாக அவளுக்கு வெள்ளை ரோமக் கோட்டு ஒன்றை வாங்கிக் கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு போனபோது உடன்படிக்கும் ஏழைப் பிள்ளைகள் அவளை அடித்தார்கள். அவளுக்குக் கோபம் அந்தப் பிள்ளைகள் மேல் வரவில்லை. கோட்டின் மேல்தான் வந்தது. பெற்றோர் வேலைக்குப் போய்விடுவதால் வீட்டுச் சாவியைக் கழுத்தில் மாட்டித் திரிந்த அந்தப் பிள்ளைகளோடுதான் அவள் நட்பாக விரும்பினாள்.

ஜன்னல் வழியே வந்த கல்

1937-இல் கார்ல் ஹான்ஸ்பெரி, தெற்கு ரோட்ஸ் அவென்யூவில் 6140-ஆம் எண் வீட்டை வாங்கினார். அது வெள்ளையர்கள் குடியிருந்த தெரு. அந்தப் பகுதி வீட்டுக்காரர்கள் ஏற்கனவே ஒரு பத்திரம் எழுதி வைத்திருந்தார்கள். கறுப்பர்களுக்கு வீட்டை விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது என்பது அதன் சாரம். அரசு போட்ட சட்டம் அல்ல அது. அக்கம்பக்கத்தார் தங்களுக்குள் போட்டுக்கொண்ட கட்டுப்பாடு. ஆனாலும் அதை மீறினால் நீதிமன்றத்துக்கு இழுக்கலாம் என்ற வலு அதற்கு இருந்தது.

குடும்பம் குடிவந்ததும் வீட்டு முன் கும்பல் கூடியது. ஜன்னல் வழியே பறந்து வந்த கல் ஒன்று சிறுமி லொரெய்னின் தலைக்குப் பக்கத்தில் போய் விழுந்தது. பள்ளிக்குப் போகும் வழியில் அவள் மேல் துப்பினார்கள், அடித்தார்கள். தந்தை வழக்கு வேலையாக வெளியூரில் இருந்த இரவுகளில், தாய் நானி கையில் துப்பாக்கியோடு வீட்டுக்குள் சுற்றிச் சுற்றி வந்து நான்கு பிள்ளைகளையும் காத்தார். வரலாற்றில் வழக்கின் பெயர் பதிவாகிறது. இப்படித் தூங்காமல் கிடந்த இரவுகள் பதிவாவதில்லை.

இல்லினாய் மாநில நீதிமன்றங்கள், பத்திரம் செல்லும் என்றே தீர்ப்புச் சொன்னன. கார்ல் விடவில்லை. கறுப்பின மக்களின் உரிமைச் சங்கமான என்.ஏ.ஏ.சி.பி. துணையோடு நாட்டின் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 1940 நவம்பர் 12-ஆம் நாள் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது.

அந்தத் தீர்ப்பின் உட்பொருள் நமக்கு முக்கியமானது. தெருவில் 95 சதவீத மனைகளின் உரிமையாளர்கள் கையெழுத்திட்டால்தான் பத்திரம் நடைமுறைக்கு வரும் என்பது அதிலேயே இருந்த நிபந்தனை. முந்தைய ஒரு வழக்கில், அத்தனை பேரும் கையெழுத்திட்டு விட்டதாகவே ஒப்புக்கொண்டு காரியத்தை முடித்திருந்தார்கள். எண்ணிப் பார்த்தபோது கையெழுத்து இருந்தது ஏறக்குறைய 54 சதவீதத்துக்கு மட்டும்தான். தங்களுக்குச் சம்பந்தமே இல்லாத அந்தப் பழைய வழக்கின் தீர்ப்பு ஹான்ஸ்பெரி குடும்பத்தைக் கட்டுப்படுத்தாது என்றது உச்ச நீதிமன்றம்.

ஊரே கட்டுப்பாடு போட்டது என்று நம்மிடம் சொல்லப்படும்போது நாமும் இதைக் கேட்க வேண்டியிருக்கிறது. ஊர் என்றால் யார்? எத்தனை பேரைக் கேட்டார்கள்? பெரும்பாலும் நாலைந்து பேர் திண்ணையில் முடிவெடுத்து ஊர் பெயரைப் போட்டுவிடுகிறார்கள். மற்றவர்கள் வாய் திறக்காமல் இருந்துவிடுகிறார்கள். அந்த மௌனமே சம்மதக் கையெழுத்து ஆகிவிடுகிறது.

அந்தத் தீர்ப்பு ஒரு குடும்பத்துக்கு வழி விட்டது. பத்திர முறையை ஒழிக்கவில்லை. இத்தகைய பத்திரங்களை நீதிமன்றங்கள் நிறைவேற்றித் தரக் கூடாது என்ற தீர்ப்பு 1948-இல்தான் வந்தது. வீடு விற்பதிலும் வாடகையிலும் இனம் பார்ப்பதைத் தடை செய்யும் சட்டம் 1968-இல் வந்தது. கார்ல் இரண்டையும் பார்க்கவில்லை. அமெரிக்காவே வேண்டாம் என்று வெறுத்து, குடும்பத்தோடு மெக்சிகோவில் குடியேற ஏற்பாடு செய்துகொண்டிருந்தபோது 1946-இல் அங்கேயே இறந்தார். வழக்கில் ஜெயித்த அப்பா ஏன் மனம் உடைந்து போனார் என்ற கேள்வி லொரெய்னை விடவே இல்லை. அவர் நாடகம் எழுதியதற்கு அந்தக் கேள்வியும் ஒரு காரணம் என்று நாம் கருதுகிறோம்.

பல்கலைக்கழகத்தில் பார்த்த நாடகம்

1948-இல் லொரெய்ன் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். மாணவிகள் விடுதி ஒன்றில் முதல் கறுப்பினப் பெண்ணாகத் தங்கினார். ஓவியமும் இலக்கியமும் மேடை அமைப்பும் படித்தார். படிப்பில் பெரிய ஈடுபாடு இல்லை. ஒருநாள் பல்கலைக்கழக அரங்கில் மாணவர்களின் நாடகம் ஒன்றைப் பார்த்தார். அயர்லாந்து எழுத்தாளர் ஷான் ஓகேசி எழுதிய ஜூனோவும் மயிலும் என்ற நாடகம் அது. டப்ளின் நகரில் ஒண்டுக்குடித்தன வீட்டில் வாழும் ஓர் ஏழைக் குடும்பம், குடித்துத் திரியும் கணவன், குடும்பத்தைத் தாங்கும் மனைவி, வரும் வரும் என்று காத்திருந்து வராமலே போகும் ஒரு சொத்துப் பணம். இதுதான் கதை.

அந்த அரங்கில் லொரெய்னுக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. ஓகேசி தன் மக்களைப் புனிதர்களாகக் காட்டவில்லை. வெறும் பாவப்பட்டவர்களாகவும் காட்டவில்லை. அவர்கள் பொய் சொல்கிறார்கள், சண்டை போடுகிறார்கள், சிரிக்க வைக்கிறார்கள், அழவும் வைக்கிறார்கள். அப்படி இருப்பதாலேயே எங்கோ டப்ளினில் வாழ்ந்த அவர்களை, சிக்காகோவிலிருந்து வந்த ஒரு கறுப்பினப் பெண்ணுக்குத் தன் சொந்தக்காரர்களைப் போலத் தெரிந்தது. தன் தெருவையும் இப்படி எழுத முடியும் என்ற நம்பிக்கை அங்கேதான் பிறந்தது. மாணவர்கள் போட்ட ஒரு நாடகம் ஒரு மாணவியைத் திருப்பிவிட்டது.

1950-இல் படிப்பைப் பாதியில் விட்டு நியூயார்க்குக்குப் போனார். ராப்சன் நடத்திய ஃப்ரீடம் என்ற பத்திரிகையில் சேர்ந்து நிருபராகவும் உதவி ஆசிரியராகவும் வேலை பார்த்தார். கறுப்பர்கள் வாழும் ஹார்லெம் பகுதியின் வாடகைக் கொடுமையையும் பள்ளிகளையும் பற்றி எழுதினார். ஆப்பிரிக்க விடுதலைப் போராட்டங்களைப் பற்றியும் எழுதினார். டுபாய்ஸிடம் ஆப்பிரிக்க வரலாறு படித்தார். இதே டுபாய்ஸுக்குத்தான் 1946-இல் அண்ணல் அம்பேத்கர் கடிதம் எழுதி, கறுப்பர்கள் ஐ.நா. சபைக்கு அனுப்பிய மனுவைப் பற்றி விசாரித்தார். நம் தலைவரும் லொரெய்னின் ஆசிரியரும் கடிதம் எழுதிக்கொண்டவர்கள் என்பதை மாணவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

1952-இல் அரசு ராப்சனின் பாஸ்போர்ட்டைப் பறித்து வைத்திருந்தது. அவருக்குப் பதிலாக லொரெய்ன் உருகுவே நாட்டில் நடந்த அமைதி மாநாட்டுக்குப் போனார். அன்று முதல் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ. அவர் பெயரில் கோப்புத் திறந்து கண்காணித்தது. 1953-இல் யூத இளைஞர் ராபர்ட் நெமிராஃபை மணந்தார். உணவு விடுதியில் பரிமாறியும் வேறு சில்லறை வேலைகள் பார்த்தும் வாழ்க்கையை ஓட்டினார். நெமிராஃப் சேர்ந்து எழுதிய ஒரு பாட்டு 1956-இல் வெற்றி பெற்றுப் பணம் வந்தது. அதன் பிறகு மற்ற வேலைகளை விட்டுவிட்டு முழுநேரமும் எழுத உட்கார்ந்தார்.

ஐந்து பேரும் ஒரு காசோலையும்

அப்போது எழுதியதுதான் எ ரெய்சின் இன் தி சன் நாடகம். வெயிலில் காயும் திராட்சை என்று தமிழில் சொல்லலாம். லாங்ஸ்டன் ஹியூஸின் ஒரு கவிதையிலிருந்து எடுத்த தலைப்பு.

சிக்காகோ தெற்குப் பகுதியில் ஒரு சிறிய வீடு. வெளிச்சம் கொஞ்சம், கழிப்பறை பக்கத்து வீட்டோடு பொது, சிறுவன் டிராவிஸ் முன்னறை சோஃபாவில் தூங்குகிறான். பாட்டி லீனா யங்கர், மகன் வால்டர் லீ, மருமகள் ரூத், மகள் பெனீத்தா, பேரன் டிராவிஸ் என ஐந்து பேர். காலமெல்லாம் உழைத்துச் செத்துப்போன தாத்தாவின் காப்பீட்டுப் பணம் 10,000 டாலருக்குக் காசோலை வரப் போகிறது. பணக்காரர் வீட்டுக் கார் ஓட்டும் வால்டருக்கு அதில் மதுக்கடை வைக்க ஆசை. பெனீத்தாவுக்கு டாக்டர் படிப்பு. பாட்டிக்குச் சொந்த வீடு.

பாட்டி, கிளைபோர்ன் பார்க் என்ற பகுதியில் ஒரு வீட்டுக்கு முன்பணம் கட்டுகிறார். அது வெள்ளையர் பகுதி. அங்கேதான் தன் கைக்கு எட்டும் விலையில் வீடு கிடைத்தது என்பது தவிர வேறு காரணம் அவருக்கு இல்லை. மீதிப் பணத்தை மகனை நம்பிக் கொடுக்கிறார். அவனோ தங்கையின் படிப்புக்கு ஒதுக்கியதையும் சேர்த்துக் கூட்டாளியிடம் கொடுத்து ஏமாந்து போகிறான்.

அந்த நேரத்தில் புதிய பகுதியின் நலச் சங்கத்திலிருந்து லிண்ட்னர் என்றொருவர் வருகிறார். கல் எறியவில்லை, திட்டவில்லை. மிகவும் பணிவாகப் பேசுகிறார். அவரவர் மக்களோடு அவரவர் வாழ்வதே நல்லது என்கிற தோரணையில் சுற்றி வளைத்து, வீட்டைத் திருப்பிக் கொடுத்தால் கூடுதல் பணம் தருவதாகச் சொல்கிறார். பணத்தைத் தொலைத்த வால்டர், அந்தப் பேரத்துக்குத் தலையாட்டிவிடுவான் என்றே தோன்றுகிறது. கடைசி நேரத்தில், தன் மகன் பார்த்துக்கொண்டு நிற்கும்போது, அவனால் அது முடியவில்லை. வீட்டுக்குப் போகிறோம் என்று சொல்லிவிடுகிறான். சாமான்கள் வண்டி ஏறுகின்றன. ஜன்னலோரத்தில் வாடி வாடிப் பிழைத்த செடித் தொட்டியைப் பாட்டி மறக்காமல் கையில் எடுத்துக்கொள்வதோடு நாடகம் முடிகிறது.

இதை மகிழ்ச்சியான முடிவு என்று நினைத்தவர்கள் உண்டு. அந்தப் புது வீட்டு ஜன்னலில் என்ன வந்து விழும் என்பது லொரெய்னுக்குச் சிறுவயதிலேயே தெரியும்.

கறுப்பினக் குடும்பத்தைப் பற்றிய நாடகத்துக்குப் பணம் போட ஆளில்லை. தயாரிப்பாளர் ஃபிலிப் ரோஸ் ஓராண்டுக்கும் மேலாகச் சிறுகச் சிறுகப் பணம் திரட்டினார். முதலில் வெளியூர்களில் நடத்திக் கூட்டம் சேர்ந்த பிறகே பிராட்வே என்னும் நியூயார்க் நாடக வீதியில் அரங்கு கிடைத்தது. 1959 மார்ச் 11 அன்று எத்தெல் பாரிமோர் அரங்கில் அரங்கேற்றம். பிராட்வேயில் ஒரு கறுப்பினப் பெண் எழுதிய நாடகம் மேடையேறியது அதுவே முதல் முறை. இயக்குநர் லாயிட் ரிச்சர்ட்ஸும் கறுப்பர். வால்டராக சிட்னி பாய்ட்டியே நடித்தார். 530 காட்சிகள் ஓடியது. நியூயார்க் நாடக விமர்சகர் வட்டத்தின் விருதும் அந்த ஆண்டு லொரெய்னுக்கே கிடைத்தது. அதுவரை அரங்கின் பக்கமே வராத கறுப்பின மக்கள் டிக்கெட் வாங்கி வந்து, தங்கள் வீட்டு முன்னறையை மேடையில் பார்த்தார்கள். 1961-இல் திரைப்படமாகவும் வந்தது.

குறைந்த ஆயுள்

புகழ் வந்த பிறகும் அவர் ஒதுங்கிப் போகவில்லை. 1963 மே மாதம், எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வின் உள்ளிட்டோருடன் சேர்ந்து அரசின் தலைமை வழக்கறிஞர் ராபர்ட் கென்னடியைச் சந்தித்தார். தெற்கில் அடிபடும் இளைஞர்களின் வலி அவருக்கு உறைக்கவில்லை என்று கண்டதும் எழுந்து வெளியேறினார். மாணவர் இயக்கத்துக்காக 1964-இல் ஒரு புகைப்பட நூலுக்கு உரை எழுதிக் கொடுத்தார். பெண்கள் மீது தனக்கிருந்த காதலை அந்தக் காலத்தில் வெளியே சொல்ல வழியில்லாமல், ஒரு பத்திரிகைக்குப் பெயரின் முதலெழுத்துகளை மட்டும் போட்டுக் கடிதம் எழுதினார். 1964-இல் கணவரோடு மணவிலக்கு ஆனாலும் இருவரும் கடைசிவரை சேர்ந்தே வேலை செய்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் அவரது இரண்டாம் நாடகம் மேடையேறியபோது புற்றுநோய் முற்றியிருந்தது. 1965 ஜனவரி 12 அன்று, 34 வயதில் மறைந்தார். கைப்பிரதிகளை நெமிராஃப் பாதுகாத்துப் பதிப்பித்தார். தோழி நினா சிமோன் 1969-இல் அவர் நினைவாகப் பாடிய பாட்டு கறுப்பின இளைஞர்களின் கீதமானது.

தெரு மாறியது, கேள்வி மாறவில்லை

ஹான்ஸ்பெரி வழக்குக்குப் பின் கறுப்பர்கள் குடிவந்ததும், வெள்ளையர்கள் வீட்டை விற்றுப் புறநகருக்குப் போய்விட்டார்கள். சில ஆண்டுகளில் அந்தத் தெருக்கள் முழுக்கக் கறுப்பர் தெருக்களாயின. மறுபக்கம், நகரை மேம்படுத்துவதாகச் சொல்லி அரசு பழைய வீடுகளை இடித்து, 16 மாடிகள் கொண்ட 28 கட்டடங்களில் ஏழைக் கறுப்பர்களை அடுக்கியது. ராபர்ட் டெய்லர் ஹோம்ஸ் என்ற அந்தக் குடியிருப்பு 1962-இல் முடிந்தது. பராமரிப்பின்றிச் சீரழிந்து, 2007-க்குள் முழுவதும் இடிக்கப்பட்டது. சென்னையில் ஆற்றோர மக்களைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பிய கதையை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. நாடகாசிரியர் புரூஸ் நோரிஸ், லொரெய்ன் சொன்ன அதே கற்பனை வீட்டை வைத்து கிளைபோர்ன் பார்க் என்ற நாடகம் எழுதி 2011-இல் புலிட்சர் பரிசு பெற்றார். அதில் ஐம்பது ஆண்டுகளுக்குப் பின், கறுப்பர் பகுதியாகிவிட்ட அந்தத் தெருவுக்கு வெள்ளையர்கள் வீடு வாங்க வருகிறார்கள். 6140-ஆம் எண் வீட்டைச் சிக்காகோ நகரம் 2010-இல் நினைவுச் சின்னமாக அறிவித்தது.

நம் ஊரில் இன்னும் ஊர் வேறு, காலனி வேறாகத்தான் இருக்கிறது. மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் நடுவே எழுப்பிய சுவரில் வழி திறக்க 2008 வரை போராட வேண்டியிருந்தது. 100 வீட்டில் 40 வீடு தலித்துகளுக்கு என்று தொடங்கிய சமத்துவபுரங்கள் ஒரு முயற்சி. காலனி என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் வந்த அறிவிப்பு இன்னொன்று. ஆனால் சங்கரன்கோவிலிலிருந்து நெல்லைக்கோ மதுரைக்கோ படிக்கப் போகும் நம் பிள்ளைகள் வாடகைக்கு அறை தேடும்போது, லிண்ட்னரைப் போலவே பணிவாகச் சுற்றி வளைத்துக் கேட்கிறார்கள்: சொந்த ஊர் எது, அதில் எந்தத் தெரு, வீட்டில் கறி சமைப்பீர்களா. பதிலைக் கேட்டதும் அறை ஏற்கனவே வேறொருவருக்குப் பேசியாகிவிட்டது என்பார்கள். பத்திரம் எதுவும் எழுதப்படவில்லை. அதனால் வழக்குப் போடவும் வழியில்லை. இதை மேடையில்தான் பிடித்துக் காட்ட முடியும்.

தமிழில் அந்த வழியும் புதிதல்ல. புதுவைப் பல்கலைக்கழகத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரால் அமைந்த நாடகப் பள்ளியில் பணியாற்றிய கே.ஏ. குணசேகரன் எழுதிய பலி ஆடுகள், தலித் அரங்கின் தொடக்கங்களில் ஒன்றாக மதிக்கப்படுகிறது. நம் பக்கத்துக் கல்லூரிகள் இணைந்திருக்கும் பல்கலைக்கழகமே, 1891-இல் மனோன்மணீயம் என்ற நாடகத்தை எழுதிய சுந்தரனார் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. கல்லூரி ஆண்டுவிழாவில் ஒரு மணி நேரமும், நாலு நாற்காலியும், எழுதத் துணிந்த ஒரு மாணவியும் இருந்தால் போதும். நம் வீட்டுச் சண்டையை, குடியை, ஏமாந்த பணத்தை, பாட்டியின் பிடிவாதத்தை மறைக்காமல் எழுதுங்கள் என்பதுதான் லொரெய்ன் தன் நாடகத்தின் வழியாக நமக்குக் காட்டியது. நீதிமன்றம் கார்ல் ஹான்ஸ்பெரிக்கு ஒரு வீட்டுக் கதவைத் திறந்துவிட்டது. அந்த வீட்டுக்குள் இருப்பவர்கள் யார் என்பதை அவர் மகள்தான் எழுதிக் காட்ட வேண்டியிருந்தது.